மூன்றாவது வீடு

மூன்றாவது வீட்டுக்குள் காலை வைத்தபோது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

ஏதாவது தோன்றும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் மேடம். செவுத்தோட கனத்தப் பாருங்க" என்றார் தரகர் கலிவரதன். உள்ளங்கையால் சுவரைத் தட்டியும் காட்டினார்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் பூசிய வீடு. ஆறு வருடம் அவள் இங்கே மருமகளாக இருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு இந்த ஊர்ப்பக்கமே வரவில்லை. விற்பனை விளம்பரத்தில் இந்த வாசல் வளைவைப் பார்த்ததும் போன் செய்தாள். வேறு பெயர் சொன்னாள். சந்தேகம் வரக்கூடாதென்று காலையில் வேறு இரண்டு வீடுகளையும் பார்த்தாள். ஒன்றில் சுழன்று ஏறும் மரப்படி. இன்னொன்றில் முற்றத்து நடுவே மாமரம்.

நன்றாக இருக்கிறது என்று இரண்டிலும் சொன்னாள்.

கலிவரதன் முன்னால் நடந்தார். பர்மா தேக்கு. சுண்ணாம்புப் பூச்சு. மாடியில் நின்றால் கடல் தெரியும்.

"ஒரு காபி ஷாப் வச்சீங்கன்னா வெள்ளக்காரன் கியூல நிப்பான்."

தலையாட்டினாள்.

கூடம். கணவனாக இருந்தவன் சாப்பாட்டுத் தட்டை விட்டெறிந்த இடம். இப்போது அங்கே சோபா கிடந்தது.

படுக்கையறை. வேறு திரைச்சீலைகள்.

யாருக்கோ நடந்ததை யாரோ சொல்லக் கேட்பது போலிருந்தது.

கலிவரதனின் போன் ஒலித்தது. "தமயந்தி, மேடத்துக்குப் பின்கட்டக் காட்டும்மா. சார் இப்ப வந்துடுவாரு" என்று குரல் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

சமையலறையிலிருந்து வந்தவள் அவனுடைய இரண்டாவது மனைவி. சின்னப் பெண். வீடு பார்க்க வந்திருப்பது யாரென்று தமயந்திக்குத் தெரியவில்லை. பழைய படம் ஒன்றைக்கூட அவன் விட்டு வைத்திருக்க மாட்டான்.

பின்கட்டில் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

அவள் இருந்தபோது துருப்பிடித்த சங்கிலிதான். இது புதிது. பளபளவென்றிருந்தது.

தமயந்தி நகர்ந்து வந்து அதை மறைத்து நின்றாள்.

"எலித் தொல்ல அக்கா. அதான்."

இங்கே இருந்த ஆறு வருடமும் அவளும் எலி என்றுதான் சொல்வாள். கேட்டவர்கள் எல்லாரிடமும்.

யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

"எத்தன நாள் உள்ள வைப்பான்?"

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நீங்க…"

"ஆமா. நான்தான்."

வாசலில் கலிவரதன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். 'மெதுவாவே வாங்க சார், மேடத்துக்கு வீடு புடிச்சுப்போச்சு' என்பது கேட்டது.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பின்வாசல் வழியா போனா என் கார் நிக்குது. வர்றியா?"

தமயந்தி திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று இவள் நினைத்தாள். வருத்தம்கூட வரவில்லை. சும்மா நின்றாள்.

உள்ளே அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, கதவுக்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடும் சத்தம்.