மஞ்சள் பட்டை

ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே மணிக்கட்டில் மஞ்சள் பட்டை மாட்டிவிடுகிறார்கள். பட்டை இருக்கும்வரை அவர்கள் கோபம் மருந்தின் பக்கவிளைவு என்பது சட்டம். போலீஸ்கூடக் கேட்க முடியாது.

என் கணவர் செழியனுக்கு மாசத்துக்கு ஒரு தொண்டைப்புண் வந்துவிடுகிறது. இன்றைக்கு உப்பு குறைவென்று சாம்பார் தட்டை என்மேல் வீசினார்.

"நான் இல்லடி, மாத்திரை," என்று பட்டையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மேனேஜர் போன் செய்தார்.

"சொல்லுங்க சார்... ஐயோ, என் தப்புதான் சார்!" குரல் வெண்ணெயாகக் குழைந்தது.

போனை வைத்ததும் கேட்டேன். "மேனேஜர்கிட்ட மட்டும் மாத்திரை வேலை செய்யாதோ?"

கையை ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்துப் பட்டையை உருவி, என் கையில் மாட்டிக்கொண்டேன்.

"உக்காருங்க. இப்ப எனக்குத் தொண்டை வலிக்குது."