வீடு பார்க்கக் கிளம்பியவள்

வெளிர்நீலப் புடவை கட்டி, கைப்பையும் மாட்டிக்கொண்டு சுலோச்சனா படியிறங்கி வந்தாள்.

சப்போட்டா மரத்தடியில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவளுடைய கணவர் வெள்ளிங்கிரி. புரோக்கர் மயில்சாமி. வீட்டை விலைக்குப் பார்க்கத் திருப்பூரிலிருந்து வந்திருந்த பூர்ணிமாவும் அவள் கணவனும்.

மயில்சாமி முதல் நாளே சொல்லியிருந்தார், பார்ட்டி வரும் நேரத்தில் அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிடுங்கள் என்று. வெள்ளிங்கிரி சரி என்றுதான் சொன்னார்.

செய்யவில்லை.

காலையில் அவளுக்குத் தலை வாரிவிடும்போது, வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார். இரண்டு வருடமாக, எதைச் சொன்னாலும் அவளிடம் பாதிதான் நிற்கிறது. 'வீடு பார்க்க' நின்றிருக்கிறது. 'வருகிறார்கள்' போய்விட்டது.

அவள் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

வடவள்ளிப் பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்க வருகிறவர்கள் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. ரோடு எத்தனை அடி என்று பார்ப்பார்கள். எத்தனை சைட் பிரிக்கலாம் என்று பார்ப்பார்கள். பழைய கட்டடத்துக்கு விலை கிடையாது. மயில்சாமி இதற்கு முன் கூட்டி வந்த மூன்று பேரும் அப்படித்தான். கிணற்றை மூட எத்தனை லோடு மண் பிடிக்கும் என்று ஒருவர் கேட்டார்.

பூர்ணிமா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

சுலோச்சனாவுக்கு அது பிடித்துவிட்டது. பூர்ணிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

முப்பது சென்ட். நெல்லி, நாரத்தை, சப்போட்டா, இரண்டு மா, ஒரு பலா, வேலியோரம் செண்பகம். நாரத்தை இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். பூர்ணிமாவிடமும் நீட்டினாள். பலாவைச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருப்பதைப் பார்த்து, வைத்தவர் விவரம் தெரிந்தவர் என்றாள். செண்பகத்துக்குக் காலை வெயில் மட்டும் விழுகிறது, யோசித்து வைத்திருக்கிறார்கள் என்றாள்.

எல்லாம் அவள் வைத்தவை. இருபத்தாறு வருடத்தில், ஒவ்வொன்றாக.

வெள்ளிங்கிரி பின்னாலேயே நடந்தார். அவள் இவ்வளவு பேசி ஆறு மாதமாகியிருந்தது.

கிணற்றடியில் நின்றாள். வாய் முழுக்கப் புதுக் கம்பிவலை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவளைக் காணவில்லை. தெருவிலும் தோட்டத்திலுமாக ஒரு மணி நேரம் தேடினார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை. தன் பெயர் அது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள், கால்களை உள்ளே தொங்கவிட்டு.

அடுத்த நாள் வலை போட்டார். அதற்கடுத்த வாரம் மயில்சாமிக்குப் போன் செய்தார். டவுனில் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. வெளியே போக ஒரே கதவு.

அவள் வலையை அழுத்திப் பார்த்தாள். நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், சின்னக் குழந்தை இருக்கிற வீடு போலிருக்கிறது என்றாள்.

பிறகு பூர்ணிமாவைப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, இத்தனை நல்ல தோட்டத்த எதுக்கு விக்கறீங்க?"

மயில்சாமி தொண்டையைச் செருமினார். பூர்ணிமாவின் கணவன் ஏதோ விளக்க வாயெடுத்தான். பூர்ணிமா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். வெள்ளிங்கிரியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா வெச்சுப் பாத்துக்க முடியலீங்கம்மா," என்றாள் பூர்ணிமா.

அந்தப் பதில் சுலோச்சனாவுக்குப் போதுமானதாக இருந்தது. பூர்ணிமாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"அதுக்கென்ன பண்றது, விடு. நாங்க நல்லா பாத்துக்கறோம். உனக்கு எப்பத் தோணுனாலும் வந்து பாத்துட்டுப் போ."

பூர்ணிமா தலையாட்டினாள்.

சுலோச்சனா கணவரிடம் வந்து, இனி வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதையே முடித்துவிடலாம் என்றாள். அவரும் சரி, முடித்துவிடலாம் என்றார். பின் மயில்சாமியிடம் குரலைத் தாழ்த்தி, இவர்களுக்கே முடித்துவிடுங்கள் என்றார். விலை பேச வேண்டாமா என்று மயில்சாமி கேட்டார்.

"வாங்க, நாம ஊட்டுக்குப் போலாம்," என்றாள் சுலோச்சனா. "வெயில் ஏறுது."

வெள்ளிங்கிரி வீட்டுப் படிகளைப் பார்த்தார்.

அவள் அதற்குள் கேட்டை நோக்கி நடந்துவிட்டாள். கேட்டைத் தாண்டித் தெருவில் நின்று திரும்பி, உள்ளே இருந்தவர்களுக்குக் கை கூப்பினாள். பூர்ணிமா கை கூப்பினாள். அவள் கணவனும் கூப்பினான்.

வெள்ளிங்கிரி அவர்களிடம், கதவு திறந்துதான் இருக்கிறது, நிதானமாகச் சுற்றிப் பாருங்கள் என்று சொன்னார். வெளியே வந்தார். மாடு புகுந்துவிடாமல் கேட்டைச் சாத்தினார்.

எந்தப் பக்கம் போகணும் என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு பக்கம் கையைக் காட்டினார். இருவரும் நடந்தார்கள்.