ஆறு வோல்ட்

ஹெலனின் ஆம்ப்ளிஃபயர் காலையில் கேட்ட பேச்சை மதியம் கேட்பதில்லை. லேப் சூடேறினால் டிரான்சிஸ்டர் தன்பாட்டுக்குக் கரண்டை இழுத்துக்கொள்ளும். அதன் கலெக்டர் காலில் ஆறு வோல்ட் காட்டி நின்ற மீட்டர் முள் நாலுக்குச் சரிந்துவிடும். பக்கத்து மேசையில் அங்கயற்கண்ணியுடையது மட்டும் ஆணி அடித்த மாதிரி ஆறிலேயே நிற்கும். “எப்படி நிக்குது பாருங்க!” என்று லேப் சார் எல்லோரையும் கூட்டிவந்து காட்டியபோது ஹெலனுக்கு வயிறு எரிந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று அங்கயற்கண்ணி வெளியே போனாள். ஹெலன் எழுந்துபோய் அவளுடைய டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள். சூடேறட்டும். சரியட்டும். முள் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

“கைச்சூடெல்லாம் அதுக்குப் பத்தாதுடி.” வாசலில் அங்கயற்கண்ணி சிரித்துக்கொண்டு நின்றாள். “நான் சால்டரிங் அயர்னையே பக்கத்துல காட்டிப் பார்த்துட்டேன். எமிட்டர் கால்ல ஒரு ரெசிஸ்டர் போட்டா எவ்வளவு சூட்டுக்கும் அடங்கிடுது. நீ சாப்பிடப் போனப்ப உன்னோடதுலயும் போட்டுட்டேன், பாக்கலையா?”

ஹெலன் திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள். அங்கேயும் ஆறு.

விரலை மட்டும் அவள் எடுக்கவில்லை.