தலை இல்லாத படம்

“இன்னாம்மா தேவி, இதுலயும் தலையக் காணோம்?”

வடிவேலு கேட்டதும் சமுதாயக் கூடமே சிரித்தது.

ஊர் குரூப்பில் தேவி போட்டிருந்த படம்தான் எல்லோர் போனிலும் இருந்தது. முழங்காலளவு ஏரித் தண்ணீரில் ஒரு ஆள் வலையை இழுக்கிறான். பச்சை பனியன், கட்டம் போட்ட லுங்கி எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

“அந்தப் பனியன் திருவிழாவுக்கு ஊருக்கே எடுத்ததாச்சே! இங்கயே பாதி பேரு அதைத்தான் போட்டுனு வந்துகீறாங்க” என்றார் தலைவர் சீனிவாசன். “இத்த வச்சி யாரைப்போய் கேக்குறது?”

விஷயம் என்னவோ சிரிக்கிற விஷயம் இல்லை. பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். நேற்று அந்த இடம் தேவியின் புருஷன் மணிகண்டனுடைய பாடு. அவன் போவதற்குள் விடியலிலேயே எவனோ இறாலை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பிடிபட்டால் வருஷம் முழுக்க ஏரியில் இறங்க முடியாது. மானம் போவது தனி.

அந்த எவனோ, வடிவேலுதான்.

மகள் வளர்மதிக்கு எளாவூரில் சம்பந்தம் கூடிவந்திருந்தது. நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். நேற்று மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தார்கள். ஏரிக்கரையில் பெண் எடுக்க வருகிறவர்களுக்கு இலையில் இறால் வைக்காவிட்டால் எப்படி? அவருடைய பாடு வரவோ இன்னும் ஒரு வாரம் இருந்தது.

குரூப்பில் படத்தைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. கழுத்தோடு நின்றுபோனதைக் கவனித்த பிறகுதான் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில்தான் இவ்வளவு கிண்டல்.

“தேவி எடுத்த படம்னு பேரே போட வேணாம்பா! பார்த்தாலே தெரியும். ஏரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், மூலையில கட்டைவிரல் இருக்கும், தலை இருக்காது. என் தம்பி கல்யாணத்துல எடுத்துச்சே, மாலை இருக்குது, மாப்ள இல்ல!”

மறுபடியும் சிரிப்பு. தேவியும் சிரித்தாள்.

“இன்னாண்ணா பண்றது, என் கைராசி அப்படி. நண்டு புடிச்சினு இருந்தேன், தூரத்துல ஆள் தெரிஞ்சது, அவசரத்துல எடுத்தேன். இவருதான் குரூப்ல போடுன்னு ஒரே புடியா நின்னாரு.”

மணிகண்டன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் பாடு போன வயிற்றெரிச்சல் அவனுக்கு.

இன்னும் கொஞ்சம் கலாய்க்க ஏதாவது சிக்குமா என்று வடிவேலு படத்தைப் பெரிதாக்கினார். மூலையில் கட்டைவிரலைத் தேடினார். காணோம். ஏரியைப் பார்த்தார். தண்ணீர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

தேவி எடுத்த படத்தில் ஏரி என்றைக்கு நேராக இருந்திருக்கிறது?

சாய்வை நிமிர்த்தி, விரலை எடுத்துவிட்டு, கழுத்தோடு கச்சிதமாக வெட்டியிருக்கிறது. அவசரத்தில் எடுத்த படம் இல்லை இது. உட்கார்ந்து நிதானமாகச் செய்த வேலை.

வடிவேலு மெல்ல நிமிர்ந்தார். தேவி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கூரையில் ஓடுகிற பல்லியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எழுந்தார்.

“தலைவரே, வர்ற வாரம் என் பாடு வருது. அத்த மணிகண்டனே எடுத்துக்கட்டும்.”

கூடம் அசந்துபோனது.

“மனுசன்னா இவன்தாம்பா! எவனோ திருடினதுக்கு இவன் தன் பாட்டை உட்டுத் தர்றான் பாரு!” என்றார் சீனிவாசன். எல்லோரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் வடிவேலுவுக்குக் கன்னத்தில் விழுந்தது.

கூட்டம் கலையும்போது தேவி பக்கத்தில் வந்தாள்.

“நிச்சயத்துக்கு என்னையும் போட்டோ எடுக்கச் சொல்லிக்கீது வளர்மதி” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “பயப்படாதீங்கண்ணா. அதுல உங்க தலை கட்டாயம் இருக்கும்.”