அக்கா வாங்கிய இரவல்

அக்கா முதலில் மிக்சியை இரவல் வாங்கிப் போனாள். அடுத்த வாரம் குக்கர். மனைவி இறந்ததிலிருந்து எதற்கும் வாய் திறக்காத தம்பி, அவள் அடுப்பையும் தூக்கியபோதுதான் கேட்டான்.

“வீட்டையே வழிச்சுட்டுப் போனா, நான் எதுலக்கா சமைக்கிறது?”

“நீ சமைச்சுக் கிழிச்சே! வேணும்னா வந்து எடுத்துக்கோ.”

மறுநாள் மதியம் சண்டை போடவே போனான். அவள் வீட்டு மூலையில் மூன்றும் அவள் கட்டி எடுத்து வந்தபடியே பிரிக்காமல் இருந்தன. மேசையில் அவனுக்கும் சோறு.

“சாப்பிட வாடான்னா வரமாட்டே. சண்டைக்குன்னா வருவேன்னு தெரியும். உட்காருடா.”

இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

“அடுப்பை எடுத்துட்டுப் போறியா?”

“இருக்கட்டும்.”

அடுத்த நாள் மதியம் அவனே வந்து நின்றான், கையில் தன் தட்டோடு.

“இதை விட்டுட்டு வந்துட்டியேக்கா.”