துருவின் தயவு

மீன்பிடிப் படகு ஒன்றின் நங்கூரத்தில் துரு குடியேறிப் பல வருஷமாயிற்று. "நான்தான்டா உன்னைத் தாங்கிப் பிடிக்கிறேன். நான் உதிர்ந்தா நீயும் உதிர்ந்துடுவே" என்று அது தினமும் மிரட்டும். நங்கூரமும் அதை நம்பிவிட்டது.

ஒருநாள் நங்கூரத்தைச் சுத்தம் செய்யப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். குழாயிலிருந்து மணல் காற்றோடு சீறி வந்தது. நங்கூரம் பதறிப்போய், "அண்ணே, துருவை விட்டுடுங்க! அது போனா நான் செத்தேன்!" என்று கெஞ்சியது.

"கண்ணை மூடிக்கப்பா. கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்" என்றது மணல்.

கூசத்தான் செய்தது. பயந்துகொண்டிருந்த நங்கூரம் அடக்கமாட்டாமல் சிரித்தேவிட்டது.

சத்தம் ஓய்ந்ததும் மெல்லக் கண் திறந்து பார்த்தது. உடம்பு முழுசாக, வெளேரென்று இருந்தது. துரு மட்டும் தரையில் பொடிப்பொடியாகக் கிடந்தது.

"தம்பி," என்று முனகியது துரு, "என்னைக் கொஞ்சம் தூக்கிவிடேன்!"