மெல்லிசு கேஸ்கெட்

ஒரே ஒரு ஊரிலே, அச்சு அசலாக ஒரே மாதிரி ரெண்டு எஞ்சின் இருந்ததாம். ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. மற்றது, அவருக்கு எஞ்சின் கட்டித் தரும் மெக்கானிக்கின் சொந்த எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்தில் ரெண்டு பேருமே ஓட்டப் போகிறார்கள்.

மெக்கானிக்கின் பட்டறையில் ரெண்டும், ஹெட் என்கிற மேல்மூடி கழன்று, வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"சார், ஒரு சின்னச் சிக்கல்," என்றார் மெக்கானிக். "ஹெட்டுக்கு அடியில போடற கேஸ்கெட் தகடு மெல்லிசா ரெண்டு கேட்டேன். ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னொண்ணு கனம்."

"மெல்லிசு போட்டா என்னண்ணே ஆகும்?"

"ஹெட் இன்னும் கீழே உக்காரும். கம்ப்ரஷன் ஏறும். மேட்டுல வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். ஈயக் கம்பியை பிஸ்டன் மேல வெச்சு நசுக்கி இடைவெளியை அளந்துட்டேன். ரெண்டு எஞ்சினும் தாங்கும்."

"அப்போ யாருக்கு எது?"

"அதெல்லாம் முடிவு பண்ணியாச்சு சார். கவலைய விடுங்க."

கேஸ்கெட் இருந்த ஒட்டிய உறைகளை எஞ்சினுக்கு ஒன்றாக மேலே வைத்துவிட்டு, மெக்கானிக் டீ வாங்கிவரப் போனார்.

மருந்துக்கடைக்காரரோடு கூட வந்த மச்சினன் அவர் காதைக் கடித்தான்.

"மாமா, அந்தாளும் ஓட்டறார். மெல்லிசை உங்களுக்கா வெச்சிருப்பார்? அவ்வளவு நல்லவர் எந்த ஊர்ல இருக்கார்?"

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாகக் கடைசி இடம். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "இந்த வருஷமாவது தேறுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உறையைப் பிரித்தால் எது எதில் என்று தெரிந்துவிடும்; ஆனால் பிரித்தது மெக்கானிக்குக்கும் தெரிந்துவிடும். பிரிக்கவில்லை. இந்தப் பக்கத்து உறை அந்தப் பக்கம், அந்தப் பக்கத்து உறை இந்தப் பக்கம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி மேட்டில் மெக்கானிக்கின் வண்டி விர்ரென்று ஏறிப் போய் முதலில் வந்தது. மருந்துக்கடைக்காரர் ரெண்டாவது.

"மாமா, நீங்க மாத்தினதைப் பார்த்துட்டுத் திரும்ப மாத்திட்டார்! விடாதீங்க," என்றான் மச்சினன்.

நாலு கேள்வி கேட்டே தீருவது என்று போனவரின் ரெண்டு கையையும் மெக்கானிக் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உறையைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு சார். மூணு வருஷமா கடைசியா வர்றாரே, ஒரு தடவை ஜெயிக்கட்டும்னு மெல்லிசை உங்க எஞ்சின் மேல வெச்சேன். நீங்க சத்தமில்லாம எனக்கு மாத்தி வெச்சிருக்கீங்க! மறுத்தா உங்க மனசு நோகும்னு அப்படியே மாட்டிட்டேன். இருபது வருஷமா ஊருக்கெல்லாம் எஞ்சின் கட்டறேன். எனக்காக யோசிச்சவர் நீங்க ஒருத்தர்தான் சார்."

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக் ஓடினார்.

மச்சினன் தொண்டையைக் கனைத்தான். "சும்மா சொல்லக்கூடாது மாமா. உங்க மனசு யாருக்கு வரும்!"

அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, மற்ற எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டே மேடையைப் பார்த்து நடந்தார் மருந்துக்கடைக்காரர்.